நெசவு ‘ஈவன்’, நிறம் ‘யூனிஃபோர்ம்’ இல்லை: கொள்வனவாளர் என்ன சொல்கிறார்?

வாசகர் கேள்வி: மருதமுனையில் எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாகச் சில கைத்தறிகள் இருக்கின்றன. வாப்பா தறியையும் சாயத்தையும் பார்க்கிறார். கணக்கு, கடிதம், மின்னஞ்சல் எல்லாம் என் பொறுப்பு. எங்களிடம் மேசை விரிப்புகள் வாங்கிய வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒருவர், நெசவு ‘ஈவன்’, ஆனால் நிறம் ‘யூனிஃபோர்ம்’ இல்லை, இனிமேல் ‘கன்சிஸ்டன்ட்’ ஆன தரம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அகராதியைப் பார்த்தால் மூன்றுக்கும் ‘சீரான’ என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் சீர் இருக்கிறதா, இல்லையா? அந்த ஓடருக்கான நூலை நாங்கள் இரண்டு தடவையாகச் சாயம் தோய்த்தது உண்மை. ‘எல்லாம் சேம்தான், இனியும் ஐடென்டிகலாக அனுப்புவோம்’ என்று பதில் எழுதலாமா?
வாசகி, மருதமுனை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் பதிலை அனுப்பிவிடாதீர்கள். ‘ஐடென்டிகல்’ என்ற ஒரு சொல்லின் மூலம், எந்தக் கைத்தறியாலும் நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிடுவீர்கள். அதைப் பிறகு விளக்குகிறேன். முதலில் வந்த மின்னஞ்சலைச் சரியாக வாசிப்போம். நீங்கள் பயந்த அளவுக்கு அதில் கோபம் இல்லை; ஒரு பாராட்டு, ஒரு குறை, ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான்.

உங்கள் அகராதியிலும் தவறு இல்லை. தமிழில் ‘சீரான’ என்ற ஒரு சொல்லே இந்த மூன்று வேலைகளையும் பார்க்கிறது. ஆங்கிலத்தில் வேலை பிரிந்திருக்கிறது. எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்டால் சொல் தானாக வந்து நிற்கும். ஒரே பொருளின் ஒரு பகுதியை மறு பகுதியோடு ஒப்பிடும்போது ‘ஈவன்’. பல பொருட்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது ‘யூனிஃபோர்ம்’. இன்று செய்ததைப் போன மாதம் செய்ததோடு ஒப்பிடும்போது ‘கன்சிஸ்டன்ட்’. இந்த எல்லைகள் எப்போதும் இறுக்கமானவை அல்ல. ஒரே துணியின் நிறத்தையும் ‘யூனிஃபோர்ம்’ என்று சொல்வார்கள். ஆனால் ஒரு வணிகக் கடிதத்தில் மூன்று சொற்களும் அடுத்தடுத்து வந்தால், எழுதியவர் தெரிந்தேதான் பிரித்து எழுதியிருக்கிறார் என்று கொள்ள வேண்டும்.

பாராட்டிலிருந்து தொடங்குகிறேன். ஒரு விரிப்பை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊடையை, அதாவது குறுக்கே ஓடும் நூலை, ஓரிடத்தில் பலமாகவும் இன்னோரிடத்தில் மெதுவாகவும் அடித்திருந்தால் வெளிச்சம் பட்டை பட்டையாகத் தெரியும். நெருங்கிய இடம் இருண்டும் தளர்ந்த இடம் வெளுத்தும் இருக்கும். அப்படிப் பட்டை விழாமல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரே அளவில் வெளிச்சம் வந்தால் அந்த நெசவு ‘ஈவன்’. கொள்வனவாளர் எழுதியது இதைத்தான். கையும் காலும் ஒரே தாளத்தில் ஓடினால் மட்டுமே கிடைக்கும் பேறு அது. வாப்பாவிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். குறையை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நியாயமில்லை.

அன்றாடப் பேச்சிலும் ‘ஈவன்’ இதே பொருளில்தான் நிற்கிறது. வட்டையில் வயலை நன்றாக மட்டப்படுத்தி, கட்டிய தண்ணீர் மூலைக்கு மூலை ஒரே உயரத்தில் நின்றால் அந்தத் தரை ‘ஈவன்’. விதை நெல்லை ஓரிடத்தில் குவியாமல், ஓரிடத்தில் வெறுமையாக விடாமல் வீசினால் ‘ஈவன்லி’ வீசியதாகச் சொல்வோம். சாயம் ஒரு துணியில் திட்டுத் திட்டாக இல்லாமல் பிடித்திருந்தால் ‘ஈவன்லி டைட்’. எதிர்ச்சொல் ‘அன்ஈவன்’; மேடு பள்ளமான வீதிக்கும் அதே சொல். இரட்டை எண்ணைக் குறிக்கும் ‘ஈவன்’, ‘கூட’ என்ற பொருளில் வாக்கியத்தில் வரும் ‘ஈவன்’ ஆகியவற்றை இங்கே கொண்டுவர வேண்டாம். அவை வரும் இடமே வேறு.

குறை ‘யூனிஃபோர்ம்’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘நொட் யூனிஃபோர்ம் எக்ரொஸ் தி லொட்’ (‘லொட்’ என்பது ஒரே ஓடரில் போன சரக்கு முழுவதும்) என்று அவர் எழுதியிருந்தால், தனித்தனியே எடுத்தால் ஒவ்வொரு விரிப்பும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் சில விரிப்புகளின் நிறம் சற்றுக் கூடியும் சிலவற்றில் சற்றுக் குறைந்தும் தெரிகிறது என்பது பொருள். நூலை இரண்டு தடவையாகத் தோய்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தனியாகப் பார்க்கும் கண்ணுக்குத் தப்பும் வேறுபாடு அடுக்கில் தப்பாது. விருந்துக்கு நான்கு மேசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடும் ஒரு ஹோட்டலுக்கு அது பெரிய விடயம். அவர் குறை நியாயமானது.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தச் சொல் பாடசாலைச் சீருடையாகத்தான் முதலில் அறிமுகமாகிறது. லத்தீனில் ‘ஒன்று’, ‘வடிவம்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்தது இது. ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டில் பண்புச் சொல்லாக வந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் படையினரின் உடைக்குப் பெயராகியது. அந்த உடையை வைத்தே சொல்லின் குணத்தைப் புரிந்துகொள்ளலாம். காலைக் கூட்டத்தில் வெள்ளை உடுப்போடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை, அளவுகள் வேறு, முகங்கள் வேறு. உடையில் மட்டும் ஒற்றுமை. ‘யூனிஃபோர்ம்’ என்றால் எல்லா வகையிலும் ஒன்று என்று பொருள் இல்லை. குறிப்பிட்ட ஒரு வகையில் ஒன்று என்பதே பொருள். அதனால்தான் நல்ல ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பின்னால் ‘இன்’ போட்டு எந்த வகையில் என்றும் சொல்வார்கள்: ‘யூனிஃபோர்ம் இன் கலர்’, ‘யூனிஃபோர்ம் இன் சைஸ்’. இணைய முகவரியை யூ.ஆர்.எல். என்கிறோமே, அதன் முதல் எழுத்தும் இதே சொல்தான். 1994 டிசம்பரில் வெளியான தொழில்நுட்ப வரையறையில் ‘யூனிஃபோர்ம் ரிசோர்ஸ் லொகேட்டர்’ என்று இருக்கிறது. ஒவ்வொரு முகவரியும் வேறு இடத்துக்குப் போகிறது. எழுதப்படும் முறை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்று.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்திருந்தால் ‘சீரான ஆர்முடுகல்’ நினைவிருக்கும். அதுவும் ‘யூனிஃபோர்ம்’ தான். அங்கே ஒப்பிடப்படுவது ஒவ்வொரு செக்கனும். வேகம் ஒவ்வொரு செக்கனிலும் ஒரே அளவால் கூடுகிறது. வேகம் மாறுகிறது, மாறும் அளவு மாறவில்லை. மாணவர் பலர் இங்கே தடுமாறுவார்கள், ஏனென்றால் ‘சீரான’ என்றதும் மாற்றமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இந்தச் சொல்லில் நம்மவர் அடிக்கடி விடும் பிழை ஒன்று இருக்கிறது, அதை நான் எத்தனையோ விண்ணப்பக் கடிதங்களில் திருத்தியிருக்கிறேன். எழுத்தில் ஆங்கில உயிரெழுத்தில் தொடங்குவதால் முன்னால் ‘ஆன்’ போட்டுவிடுகிறார்கள். எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். வாய் ‘யூ’ என்றுதான் தொடங்குகிறது. எனவே ‘ஏ யூனிஃபோர்ம்’. ‘யூனிவர்சிட்டி’க்கும் அதே விதி. சீருடை அணிந்திருப்பதைச் சொல்லும்போது ‘இன் யூனிஃபோர்ம்’ என்றால் போதும்; நடுவில் எதுவும் வேண்டாம்.

இனி வேண்டுகோள். ‘கன்சிஸ்டன்ட்’ என்பது காலத்தைப் பற்றிய சொல். 2015 உலகக் கிண்ணப் போட்டியில் குமார் சங்கக்கார தொடர்ச்சியாக நான்கு சதங்கள் அடித்தார். பங்களாதேஷ், இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, ஸ்கொட்லாந்து என்று எதிரணி நான்கு முறையும் வேறு. அந்த ஆட்டக்காரரை ‘கன்சிஸ்டன்ட்’ என்பார்கள். ‘யூனிஃபோர்ம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘ஈவன்’ என்றும் சொல்ல மாட்டார்கள். மறுபடி மறுபடி வந்தாலும் நம்பலாம் என்ற உறுதிதான் அந்தச் சொல்லின் உயிர். உங்கள் கொள்வனவாளர் ‘இனிமேல்’ என்ற சொல்லோடு அதை எழுதியிருக்கிறார் என்றால், அடுத்த ஓடரும் தருவதாக இருக்கிறார். இது நல்ல செய்தி, சகோதரி.

இதன் பெயர்ச்சொல் ‘கன்சிஸ்டன்சி’யில் இரண்டு பொருள்கள் இருப்பதால் கொஞ்சம் கவனம் வேண்டும். மட்டக்களப்பின் சட்டித் தயிரை வைத்துச் சொல்கிறேன். சட்டியைச் சரித்தாலும் வழியாமல் நிற்கும் அந்தக் கெட்டிப் பதத்துக்கு ‘கன்சிஸ்டன்சி’ என்று பெயர். குழம்புக்கும் மாவுக்கும் சாயக் கரைசலுக்கும்கூட அதே சொல். எந்தக் கிழமை போய் வாங்கினாலும் அதே பதம், அதே புளிப்பு என்றால், அந்த மாறாத தன்மைக்கும் ‘கன்சிஸ்டன்சி’ என்றே பெயர். ஆனால் ‘கன்சிஸ்டன்ட்’ என்ற பண்புச்சொல்லுக்கு இன்றைய வழக்கில் இரண்டாவது பொருள் மட்டும்தான். ‘கன்சிஸ்டன்ட் கேர்ட்’ என்று எழுதினால் கெட்டித் தயிர் என்று யாரும் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று: இந்தச் சொல் தானாகப் புகழ்ச்சி ஆகிவிடாது. நாள்தோறும் பிந்தி வரும் பஸ்ஸையும் ‘கன்சிஸ்டன்ட்லி லேட்’ என்பார்கள். எனவே தரத்தைச் சொல்லும்போது நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

‘கன்சிஸ்டன்ட் வித்’ என்று வந்தால் பொருள் வேறொரு பக்கம் திரும்பும். ஒன்றோடு ஒத்துப்போகிறது, முரண்படவில்லை என்று பொருள். ‘கன்சிஸ்டன்ட் வித் தி அப்ரூவ்ட் சாம்பிள்’ என்பது கைத்தொழில் ஏற்றுமதியில் மிகப் பயனுள்ள தொடர். கொள்வனவாளர் ஏற்றுக்கொண்ட மாதிரியோடு ஒத்திருக்கிறது என்று சொல்கிறது, அதற்கு மேல் எதையும் வாக்களிக்கவில்லை.

இப்போது நீங்கள் எழுத நினைத்த பதிலுக்கு வருகிறேன். ‘சேம்’ என்ற சொல்லில் இரண்டு சிக்கல்கள். ஒன்று இலக்கணம்: அதற்கு முன்னால் ‘தி’ வேண்டும், பின்னால் ‘அஸ்’ வர வேண்டும். நம் ஊரில் ‘சேம் கலர் லைக் திஸ்’ என்று எழுதுகிறார்கள். ‘தி சேம் கலர் அஸ் திஸ்’ என்பதே சரி. இரண்டாவது சிக்கல் பெரியது. நிறம் வேறுபடுகிறது என்று ஒருவர் கண்ணால் பார்த்து எழுதிய பிறகு ‘எல்லாம் சேம்தான்’ என்று பதில் போனால், அவருடைய கண்ணை மறுத்ததாக ஆகிவிடும். நூலை இரண்டு தடவை தோய்த்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அப்படி எழுதினால் அது பொய்.

‘ஐடென்டிகல்’ இதைவிடக் கடுமையானது. எந்த வகையில் பார்த்தாலும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது என்று அது சொல்கிறது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளுக்கு அந்தச் சொல் பொருந்தும். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரையும் அப்படி அழைக்கிறார்கள். மனிதக் கையால் நெய்த இரண்டு விரிப்புகளுக்குப் பொருந்தாது. நெசவாளர் காலையில் அடிக்கும் அடியும் மாலையில் களைத்தபின் அடிக்கும் அடியும் நூலிழை அளவிலாவது வேறுபடும். நீங்கள் ‘ஐடென்டிகல்’ என்று எழுதிக் கொடுத்தபின் அவர் இரண்டு விரிப்புகளை அருகருகே வைத்து, இதோ வேறுபாடு என்று காட்டினால், குற்றம் தறியில் இருக்காது, உங்கள் கடிதத்தில் இருக்கும். சரக்கைத் திருப்பி அனுப்பவும் பணத்தைப் பிடித்துவைக்கவும் அந்த ஒரு சொல் காரணமாகிவிடும். இது மொழி நடை பற்றிய ஆலோசனை மட்டும் அல்ல. கைத்தொழில் செய்யும் நம் மக்கள் கெட்டித்தனமாக இருக்க வேண்டிய இடம் என்று நினைத்தே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அத்துடன், கைத்தறியைத் தேடி வாங்குகிறவர் இயந்திரத் துணியின் ஒற்றை முகத்தைத் தேடி வரவில்லை. ‘யூனிஃபோர்மிட்டி’ என்ற பெயர்ச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் சில சமயம் சலிப்பூட்டும் ஒரேவிதம் என்ற நிழலும் விழும். நிறத்தில் அவர் கேட்கிறார், கொடுங்கள். நெசவின் சின்னச் சின்ன வேறுபாட்டை ஒளிக்க வேண்டியதில்லை. அதற்கு ஏற்ற சொல் ‘வேரியேஷன்’. ‘ஸ்லைட் வேரியேஷன்ஸ்’ கைவேலையின் இயல்பு என்று விரிப்போடு வரும் சீட்டில் எழுதலாம், பலரும் எழுதுகிறார்கள். ஆனால் அதே எண்ணத்தில் ‘இரெகுலர்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். துணி வியாபாரத்தில் ‘இரெகுலர்’ என்றால் பழுதுள்ள, விலை குறைத்து விற்கும் இரண்டாம் தரச் சரக்கு. அழகைச் சொல்லப் போய் உங்கள் பொருளை நீங்களே தள்ளுபடிக் கூடைக்குள் போட்டதாகிவிடும்.

அகராதியில் இந்த வரிசையில் இன்னும் சில சொற்களைக் கண்டிருப்பீர்கள். ‘ஸ்டான்டர்ட்’ என்பது வெளியே ஒருவர் வகுத்து வைத்த அளவோடு ஒப்பிடுவது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். குறியில் கடைசி எழுத்து அந்தச் சொல்தான். விரிப்பின் நீள அகலத்தைச் சொல்லும்போது அது பயன்படும். ‘ரெகுலர்’ என்பது ஒழுங்கான இடைவெளியில் வருவது: மாதாமாதம் வரும் ஓடர், ஒரே அகலத்தில் திரும்பத் திரும்ப வரும் கோடு. ‘ஹோமோஜீனியஸ்’ என்பதை இரசாயனப் பாடத்துக்கு விட்டுவிடுங்கள். அங்கே அது ஏகவினக் கலவை. சாயம் நன்றாகக் கரைந்த கரைசலைச் சொல்லலாம், துணியைச் சொன்னால் விசித்திரமாகக் கேட்கும். ‘மச்சிங்’ உங்களுக்கு நன்றாக உதவும். விரிப்போடு பொருந்திப்போகும் கைத்துண்டுகளை ‘மச்சிங் நாப்கின்ஸ்’ என்றால், இரண்டும் ஒன்று என்று சொல்லாமலே சேர்ந்து நிற்கும் என்று சொன்னதாகும்.

பதிலை எப்படி அமைக்கலாம்? நெசவைப் பாராட்டியதற்கு முதலில் நன்றி சொல்லுங்கள். அடுத்த வரியிலேயே நிற வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு, நூல் இரண்டு தடவையாகச் சாயமிடப்பட்டது என்ற காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த குறையைத் திருத்த முடியும் என்று அவருக்கும் விளங்கும். பிறகு வாக்கு: ஒரு ஓடருக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில் தோய்க்க உங்களிடம் பாத்திர வசதி இருந்தால், ‘யூனிஃபோர்ம் இன் கலர் எக்ரொஸ் தி லொட்’ என்று எழுதலாம். வாப்பாவிடம் கேட்காமல் எழுத வேண்டாம். அந்த அளவுக்குப் பாத்திரம் இல்லையென்றால் ‘விதின் ஈச் செட்’ என்று மாற்றுங்கள். அப்போது ஒரு செட்டுக்குள் இருக்கும் ஆறு விரிப்புகள் ஒரே நிறத்தில் இருக்கும் என்பதே உங்கள் வாக்கு. ஒரே தடவையில் தோய்த்த நூலில் நெய்தவற்றை ஒரே பொதியில் கட்டிச் செட் இலக்கத்தை மேலே எழுதிவிட்டால் அவருக்கும் குழப்பம் வராது. சிறிய வாக்காக இருந்தாலும் காப்பாற்றக்கூடிய வாக்கையே கொடுங்கள். தரத்தைப் பற்றி எழுதும் வரியில் ‘கன்சிஸ்டன்ட்’ என்ற அவருடைய சொல்லையே திருப்பிப் பயன்படுத்துங்கள். அவர் கேட்டது உங்களுக்கு விளங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

பதிலோடு சேர்த்து, புதிதாகத் தோய்த்த நூலில் சிறு துண்டு ஒன்றை நெய்து தபாலில் அனுப்புங்கள். கைபேசியில் எடுத்த படம் நிறத்துக்குச் சாட்சி ஆகாது. ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். அனுப்புவதற்கு முன் துண்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் திகதியையும் சாயத்தின் அளவையும் எழுதி, வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏற்றுக்கொண்டால் அடுத்த ஓடரை அந்தப் பாதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பொதி கட்டுங்கள்.